காற்றை அளந்து கொடுக்கும் அடுப்பு

திறந்த வெளியில் கரியடுப்பை மூட்டி, அதன்மேல் கம்பி வலையிட்டு இறைச்சியையோ மீனையோ சுட்டு உண்பது, பார்பிக்யூ என்ற பெயரில் இன்று நகரத்து மொட்டைமாடிகளின் வார இறுதிக் கொண்டாட்டமாகியிருக்கிறது. ஆயினும் முதன்முறை சமைப்போர் பலருக்கும் வாய்ப்பது ஒரே விளைவுதான்: கோழியின் தோல் கருகிவிடுகிறது, எலும்பை ஒட்டிய சதையோ பச்சையாகவே நிற்கிறது. இது மசாலாவின் குறையும் அன்று, அடுப்பின் குறையும் அன்று. கரியை விறகைப் போலவோ எரிவாயுவைப் போலவோ எண்ணி நடத்துவதால் நேர்வது.

காற்று மறுக்கப்பட்ட நெருப்பில் வெந்த விறகே கரி. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை வெட்டி, கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் மெழுகித் தீயிடுவதை மூட்டம் போடுதல் என்பர். மண்போர்வையில் விடப்பட்ட சிறு துளைகளின் வழியே புகும் காற்று கட்டைகளை எரித்துத் தீர்க்கப் போதாது, புகைந்து வேகச் செய்ய மட்டுமே போதும். நாட்கணக்கில் நீளும் இந்த வேக்காட்டில் முதலில் மரத்தின் ஈரம் வெண்புகையாகக் கிளம்புகிறது; பின்னர் எரியக்கூடிய வாயுக்களும் தாரும் பிரிந்து வெளியேற, எஞ்சுவது பெரும்பாலும் கார்பனே. புகையின் அடர்த்தியையும் நிறத்தையும் பார்த்தே துளைகளை அடைக்கும் வேளை கணிக்கப்படுகிறது. சற்றுப் பிந்தினாலும் விளைந்த கரி சாம்பலாகத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் தென்மேற்கிலும் வட மெக்சிகோவிலும் இறைச்சி சுடுவதற்குப் பெயர்பெற்ற மெஸ்கீட் கரி, இதே சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு மரங்களிலிருந்து கிடைப்பது என்பது, கண்மாயெல்லாம் அடைத்து நிற்கும் அம்மரத்தைச் சபிப்போருக்குச் சற்று வியப்பளிக்கலாம்.

விறகில் எழும் சுவாலை என்பது, சூட்டினால் மரத்திலிருந்து வெளிப்படும் வாயுக்கள் காற்றில் எரிவதுதான். அவ்வாயுக்களை மூட்டத்திலேயே இழந்துவிட்ட கரி, ஏறத்தாழச் சுவாலையின்றிக் கங்காகவே எரிகிறது. அதன் மேற்பரப்பை எவ்வளவு ஆக்சிஜன் தொடுகிறதோ அவ்வளவே அதன் சூடு. பற்றவைத்த 20 அல்லது 30 நிமிடங்களில் கருமை மறைந்து, மேலே மெல்லிய வெண்சாம்பல் படர்ந்து, உள்ளே செம்மை கனலும் நிலை வருகிறது. மறைந்திருக்கும் பகைக்கு உவமையாக வழங்கும் ‘நீறு பூத்த நெருப்பு’ என்னும் தொடர், இங்கு நேர்ப்பொருளிலேயே சமையல் குறிப்பாகிறது: காற்று நேராகப் படாதவாறு சாம்பல் போர்த்திக்கொள்வதால் கங்கின் வேகம் தணிந்து, சூடு சீராக நெடுநேரம் நிற்கிறது. கரி கறுப்பாக இருக்கும்போதே பொறுமையிழந்து உணவை வலையில் பரப்புவோரும், தீ பிடிக்கவில்லையென்று மண்ணெண்ணெய் ஊற்றுவோரும் உண்பது மண்ணெண்ணெய் வாடையையும் அரைவேக்காட்டையுமே.

கங்கின் சூடு உணவைச் சேர்வது பெரும்பாலும் கதிர்வீச்சாக, அதாவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக. பொருளின் வெப்பநிலை கெல்வின் அளவில் இருமடங்கானால் அது உமிழும் கதிர்வீச்சு 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே கங்கின் சூட்டில் நேரும் சிறு ஏற்றமும் உணவின்மீது பெரும் மாற்றமாக விழுகிறது. மெரினா கடற்கரையில் சோளக்கதிர் சுடுபவரின் தள்ளுவண்டியருகே சிறிது நேரம் நின்றால் இவ்விதி கண்ணெதிரே நிகழ்வதைக் காணலாம். விசிறி அசைய, சாம்பல் பறந்து கங்கு சிவந்து பொறி தெறிக்கிறது, மணிகள் வெடித்துக் கரும்புள்ளி விழுகின்றன. விசிறி நின்றதும் கங்கு அடங்குகிறது. ஒரு கை விசிற, மறு கை கதிரை உருட்டிக்கொண்டே இருக்கிறது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட எலுமிச்சை மூடியைத் தேய்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். விலையுயர்ந்த அடுப்புகளோடு வரும் கையேடுகள் இவ்வளவு தெளிவாகக் கற்பிப்பதில்லை.

அவ்விசிறியின் வேலையை மூடியிடமும் துளைகளிடமும் ஒப்படைத்தது, 1952-இல் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்ற அமெரிக்கர் வடிவமைத்த உருண்டை அடுப்பு. சிகாகோ பகுதியில் வெபர் பிரதர்ஸ் என்னும் உலோகப் பட்டறையில் பணியாற்றிய அவர், நீரில் மிதக்கவிடும் மிதவைகளுக்கான உலோகக் கோளத்தை இரு பாதியாக்கி, ஒன்றை அடுப்பாகவும் மற்றொன்றை மூடியாகவும் அமைத்தார். கீழ்த்துளை கங்குக்குக் காற்றூட்ட, மேல்துளை புகையை வெளியேற்ற, இரண்டையும் ஒடுக்கினால் சூடு தணியும், திறந்தால் ஏறும். காற்றும் மழையும் உள்ளே குறுக்கிட மாட்டா.

கோழி கருகும் சிக்கலுக்குத் தீர்வும் எளிது. கங்கை அடுப்பெங்கும் பரப்பாமல் ஒரு பக்கமாக ஒதுக்கினால், கங்குக்கு நேர்மேலே கடுஞ்சூடும் எதிர்ப்பக்கத்தில் மிதமான சூடும் கிடைக்கின்றன. எலும்புள்ள தொடையை மிதமான பக்கத்தில் வைத்து மூடி, உட்சதை 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகவிட்டு, இறுதியில் சில நிமிடங்கள் கங்கின்மேல் திருப்பித் திருப்பிச் சுட்டால் தோல் பொன்னிறமாகும். அந்நிறமும் மணமும், 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விவரித்த வினையால் விளைபவை: புரதக்கூறுகளும் சர்க்கரையும் ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் கூடிப் புதுப்புது மணப்பொருள்களாக மாறுகின்றன. மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகையால் ஊறவைத்த துண்டில் வழியும் மசாலாவை வடித்துவிட்டு வைப்பதே முறை.

கரி வாசனை என்று போற்றப்படுவது உண்மையில் கரியின் வாசனை அன்று. நன்கு கனன்ற கரிக்கு ஏறத்தாழ மணமே கிடையாது. இறைச்சியின் கொழுப்பும் சாறும் கங்கில் சொட்டிப் புகையாக எழுந்து உணவில் படிவதே அம்மணம். அப்புகையிலேயே புற்றுநோய்க் காரணியாக உறுதிசெய்யப்பட்ட பென்சோபைரீனும் இருக்கிறது. சுவையும் கேடும் ஒரே ஊற்றிலிருந்து வருவதால் புகையை அறவே தவிர்க்க இயலாவிட்டாலும், கொழுப்பை முன்னரே செதுக்குவதும், சுவாலை எழும்பினால் துண்டை உடனே நகர்த்துவதும், கருகிய பகுதியை வெட்டி எறிவதும் அளவைக் குறைக்கும்.

மழை வந்துவிட்டதென்று அடுப்பை வீட்டினுள்ளோ கூடாரத்தினுள்ளோ கொண்டுசெல்வதை மட்டும் எக்காரணத்தாலும் செய்யலாகாது. கங்கு வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அணைந்ததுபோல் தோன்றும் கரியிலிருந்தும் அது கசிவதால், மூடிய அறையில் உறங்குவோர் விழிக்காமலே மாண்டுபோகக்கூடும். சமையல் முடிந்ததும் அடுப்பை வெளியிலேயே விட்டு, மூடியிட்டு, மேலும் கீழும் உள்ள துளைகளை அடைத்துவிட்டால் கரி மெல்ல அணைகிறது. சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் உயிரோடு இருக்குமாதலால் மறுநாள் வரை காத்திருந்து, முழுதும் ஆறிய பின்னரே கிளற வேண்டும். எரியாமல் எஞ்சிய துண்டுகளின் சாம்பலைத் தட்டிவிட்டு எடுத்துவைத்தால், புதுக் கரியோடு கலந்து மறுமுறை மூட்டலாம்.