எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர்?

ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைக் கவனிக்கலாம் என்பதற்குச் சட்டத்தால் வரம்பு விதித்த இடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் முன்னோடி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அந்த வரம்புக்காக முன்னின்று போராடியவர்கள் செவிலியர்களே. அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகள் செவிலியராகவும், இறுதியில் செவிலியர் கண்காணிப்பாளராகவும் பணியாற்றியவள் நான். அந்த வெற்றி எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை நெடுநாளாகப் படித்து வருகிறேன். நம் செவிலியர் சங்கங்கள் எழுப்பும் கோரிக்கைகள் ஏன் பொதுமக்களின் கோரிக்கைகளாக மாறுவதில்லை என்ற கேள்விக்கும் அதில் ஓரளவு விடை இருக்கிறது.

1990-களில் அமெரிக்க மருத்துவமனைகள் செலவைக் குறைக்க முற்பட்டபோது முதலில் கை வைத்தது செவிலியர் எண்ணிக்கையில்தான். பயிற்சி பெற்றவர்களின் இடத்தில் குறைந்த ஊதியத்தில் உதவியாளர்கள் அமர்த்தப்பட்டனர். எங்கும் போல அங்கும் செவிலியர்கள் வேலைப்பளு குறித்துப் புகார் கூறினர். ஆனால், வேலைப்பளு என்பது ஊழியரின் துன்பம். அதைக் கேட்பவர் அனுதாபப்படுவார், அதற்குமேல் எதுவும் செய்யமாட்டார். கலிபோர்னியா செவிலியர் சங்கம் இதை நோயாளியின் பாதுகாப்புப் பிரச்னையாக முன்வைத்தது. அம்மாநிலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்ற விதி 1970-களிலிருந்தே இருந்தது. அதே பாதுகாப்பு மற்ற வார்டுகளில் படுத்திருப்பவருக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி எவருக்கும் புரியும்.

1998-இல் அன்றைய ஆளுநர் இத்தகைய மசோதாவை நிராகரித்தார். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் முதலமைச்சருக்கு நிகரானவர். அடுத்து வந்த கிரே டேவிஸ் 1999 அக்டோபரில் கையொப்பமிட்டார். அச்சட்டத்தில் பொது வார்டுக்கான எண் குறிப்பிடப்படவில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய விகிதத்தை மாநில சுகாதாரத் துறையே வகுக்க வேண்டும் என்று மட்டுமே சட்டம் கூறியது. உண்மையான போராட்டம் அதன் பிறகுதான் தொடங்கியது என்பேன். பொது வார்டில் பத்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் போதும் என்றது மருத்துவமனைகளின் கூட்டமைப்பு. மூவருக்கு ஒருவர் வேண்டும் என்றது செவிலியர் சங்கம். 2004 ஜனவரி முதல் ஆறு பேருக்கு ஒருவர், 2005 முதல் ஐந்து பேருக்கு ஒருவர் என்று அரசு முடிவு செய்தது. சட்டம் நிறைவேறியதும் மாலை அணிவித்துக் கலைந்து போயிருந்தால், பத்துக்கு அருகில் ஓர் எண் கிடைத்திருக்கக்கூடும்.

அந்த விதியில் இருந்த ‘எல்லா நேரத்திலும்’ என்ற சொற்கள் என்னை மிகவும் கவர்ந்தவை. செவிலியர் உணவருந்தச் செல்லும் அரை மணி நேரத்திலும் விகிதம் குறையக் கூடாது. அவருடைய நோயாளிகளைக் கவனிக்க வேறொருவர் இருக்க வேண்டும். இதை எதிர்த்து மருத்துவமனைகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் சென்று 2004-இல் தோற்றது. அரை மணி நேரத்துக்காக ஒரு வழக்கா என்று வெளியிலிருப்பவர்கள் வியக்கலாம். என் பணிக்காலத்தில் ஒரு மருத்துவமனையில், அறுபது படுக்கைகள் கொண்ட வார்டுக்கு இரவில் நான் ஒருத்தியே இருந்தேன். உணவுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துவிட்டுச் சலைன் பாட்டில் மாற்ற ஓடிய இரவுகளுக்குக் கணக்கில்லை. கூடுதல் செவிலியர் கேட்டு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில்தான் வந்தது.

சட்டத்துக்கும் அதன் அமலாக்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சியும் துணைக்கு வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியரும் செவிலியருமான லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு, அம்மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற சுமார் 2.32 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், சேர்க்கப்பட்ட 30 நாள்களுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாக அது கண்டறிந்தது.

2004 நவம்பரில் ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர், ஐந்து பேருக்கு ஒருவர் என்ற விதியை அவசர ஆணை மூலம் 2008 வரை தள்ளிவைத்தார். நம் ஊர்த் திரையரங்குகளிலும் கொண்டாடப்பட்ட அதே நடிகர்தான். அடுத்த மாதம் ஒரு மகளிர் மாநாட்டில் எதிர்ப்புத் தெரிவித்த செவிலியர்களை, சுயநலக் குழுவினர் என்ற பொருளில் அவர் ஏளனம் செய்தார். அதன்பின் அவர் சென்ற இடமெல்லாம் சீருடை அணிந்த செவிலியர்கள் நின்றனர். 2005 மார்ச்சில் அவசர ஆணை சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு நவம்பரில் அவர் முன்னின்று ஆதரித்த நான்கு யோசனைகளையும் வாக்காளர்கள் தோற்கடித்தனர். பிறகு மேல்முறையீட்டை அவர் கைவிட்டார். நேர்மை மிக்க தொழில் எது என்று ஆண்டுதோறும் நடத்தப்படும் காலப் கருத்துக்கணிப்பில் செவிலியர்களே தொடர்ந்து முதலிடம் பெற்றுவரும் நாடு அது. அந்த நன்மதிப்பை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

எனினும், நன்மதிப்பு மட்டுமே போதும் என்று எண்ணிவிடலாகாது. 2018-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதே விகித வரம்பு மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஏறத்தாழ 70 சதவீத வாக்காளர்கள் அதை நிராகரித்தனர். அங்கு செவிலியர்களே இரு பிரிவாகப் பிரிந்து நின்றனர். தொழிற்சங்கம் ஆதரித்தது, அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் மாநிலக் கிளை எதிர்த்தது. இரு தரப்பு விளம்பரங்களிலும் செவிலியர்கள் தோன்றிப் பேசினர். யாரை நம்புவதென்று வாக்காளர் குழம்பியதில் வியப்பில்லை. அத்துடன், நவம்பரில் வாக்கெடுப்பு, ஜனவரி முதல் தேதியில் அமலாக்கம் என்று யோசனையில் எழுதப்பட்டிருந்தது. இரண்டு மாதங்களுக்குள் அத்தனை செவிலியர்களுக்கு எங்கே போவது என்று சிறிய மருத்துவமனைகள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. கலிபோர்னியாவில் சட்டத்துக்கும் அமலாக்கத்துக்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்ததையும், எண் படிப்படியாக இறங்கியதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் நிதானமாக நடந்தது. 2016-இல் 27 அரசு மருத்துவமனைகளில் மட்டும் பகலில் நான்கு பேருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று தொடங்கினார்கள். தொடங்கும் முன்பே நிலவரத்தைப் பதிவு செய்து, விதி பொருந்தாத 28 மருத்துவமனைகளுடன் பின்னர் ஒப்பிட்டார்கள். ‘லான்செட்’ இதழில் 2021-இல் முடிவு வெளியாயிற்று. கூடுதல் செவிலியர்களுக்கான செலவு 3.3 கோடி ஆஸ்திரேலிய டாலர். நோயாளிகள் விரைவில் வீடு திரும்பியதாலும், மீண்டும் சேர்க்கப்படுவது குறைந்ததாலும் மிச்சமானது 6.9 கோடி டாலர். 145 உயிரிழப்புகள் தவிர்க்கப்பட்டதாகவும் கணக்கிடப்பட்டது. நிதித் துறைச் செயலரின் மேசையில் உயிரிழப்பு எண்ணிக்கையைவிட முந்தைய இரண்டு எண்களே அதிகம் பேசும் என்பது என் அனுபவம்.

நம் நாட்டிலும் எண் இல்லாமல் இல்லை. பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் குழுமம் நெடுங்காலத்துக்கு முன்பே பரிந்துரைத்துவிட்டது. அது பரிந்துரையாகவே நிற்கிறது. இங்கு நடந்த பெரிய போராட்டங்கள் ஊதியத்துக்காகவும் பணி நிரந்தரத்துக்காகவும் நடந்தவை. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அமர்ந்த ஒப்பந்தச் செவிலியர்களின் மாத ஊதியம் 7,700 ரூபாய். அவர்கள் வேறு எதைக் கேட்டிருக்க முடியும்? கேரளத்தில் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 20,000 ரூபாய் என அரசு அறிவித்தது. இவை நியாயமான கோரிக்கைகள். ஆனால், அவற்றில் நோயாளிக்கு நேரடியான பங்கு இல்லை. அதனால்தான் போராட்டப் பந்தலைக் கடந்து சென்றவர்கள் இரக்கப்பட்டார்களே தவிர, உள்ளே வந்து அமரவில்லை.

நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு பணிமுறையிலும் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை எழுதப்படுகிறது. நாங்கள் அதை ‘சென்சஸ்’ என்போம். மற்றொன்று யார் யார் பணியில் இருந்தார்கள் என்பதற்கான பணிப்பட்டியல். இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த இரவில் எந்த வார்டில் எத்தனை பேருக்கு ஒருவர் இருந்தார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மூன்று மாதக் கணக்கைத் தொகுப்பது ஒரு கண்காணிப்பாளரால் இயலாத வேலை அல்ல. அதை வெளியில் சொல்லத்தான் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். வார்டு வாயிலில் நாள்தோறும் அந்த எண்ணை எழுதிவைக்க அனுமதிக்க வேண்டும் என்பதைச் செவிலியர் சங்கங்கள் தங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில், ஊதியத்துக்கு அடுத்த இடத்திலாவது, சேர்க்கலாம்.