பேஸ் கித்தாரின் மேடை ஒலியமைப்பு

பேஸ் கித்தாரின் மேடை ஒலியமைப்பு என்பது, பேஸ் கித்தார் எனப்படும் தாழ்சுருதி மின் கித்தாரின் ஒலியை நேரடி நிகழ்ச்சிகளில் கேட்போரிடம் தெளிவாகக் கொண்டு சேர்க்கப் பயன்படும் கருவிகளையும் முறைகளையும் குறிக்கும். இக்கட்டுரை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நடைபெறும் மெல்லிசைக் கச்சேரிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது. திறந்தவெளிக் கோயில் திடல், ஓடு பதித்த திருமண மண்டபம், வாடகை மைக் செட், ஜெனரேட்டர் மின்சாரம் ஆகியவை இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியன அல்ல என்பதால், இங்குக் கூறப்படுபவை தமிழ்நாட்டின் பிற ஊர்களுக்கும் பொருந்தும்.

கருவியும் அதன் ஒலி எல்லையும்

பேஸ் கித்தாரில் பொதுவாக நான்கு கம்பிகள் உண்டு. அவற்றின் அடிப்படை அதிர்வெண்கள் தடித்த கம்பியிலிருந்து தொடங்கி ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் ஆகும். ஐந்து கம்பிக் கருவியில் 31 ஹெர்ட்ஸ் அளவிலான இன்னொரு கம்பி சேர்க்கப்படும். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951 இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் இக்கருவியைப் பரவலாக்கியது. அதற்கு முன் இப்பணியைச் செய்தது, ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் ஆகும். அதே நிறுவனம் 1960 இல் இரண்டு காந்த உணரிகளைக் கொண்ட ஜாஸ் பேஸ் என்னும் வகையை வெளியிட்டது. இன்று விற்பனையாகும் கருவிகளில் பல இவ்விரண்டையும் பின்பற்றியவையே.

41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். பல சிற்றூர் மேடைகளின் அகலமே அவ்வளவுதான். மேடையில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த நீளத்திலிருந்தே தொடங்குகின்றன. தாழ்ந்த ஒலியை மனிதச் செவி குறைவாகவே உணர்கிறது என்பது மற்றொரு காரணம். இதனை ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933 இல் அளந்து காட்டினர். பாடகரின் குரலுக்குப் போதுமான மின் திறன் பேஸ் கித்தாருக்குப் போதாமல் போவது இதனால்தான்.

தமிழ்த் திரையிசையில் இதன் இடம்

மெல்லிசைக் குழுக்கள் வாசிப்பவை பெரும்பாலும் திரைப்பாடல்களே. இளையராஜா 1976 இல் வெளிவந்த அன்னக்கிளி திரைப்படத்தில் அறிமுகமானார். அவருடைய பாடல்களில் பேஸ் கித்தார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு அமையாமல், குரலுக்கு எதிரே தனக்கெனத் தனி மெட்டோடு நடப்பதைப் பல இடங்களில் கேட்கலாம். அவருடைய குழுவில் நெடுங்காலம் இக்கருவியை வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரகுமானின் பாடல்கள் பலவற்றில் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். இத்தகைய பாடல்களை மேடையில் பேஸ் இல்லாமல் கேட்பது, உரையாடலில் ஒருவரின் பேச்சை மட்டும் கேட்பதற்கு ஒப்பாகும். எனினும் திடலின் கடைசி வரிசையில் உள்ளவர் பெரும்பாலும் அப்படித்தான் கேட்கிறார். கித்தார் கலைஞர் வாசிப்பது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு வராது. பேஸ் கலைஞரே இல்லாத சிறு குழுக்களில் விசைப்பலகை வாசிப்பவரின் இடக்கை அவ்வேலையைச் செய்கிறது. அங்கும் இதே சிக்கல் உண்டு.

வட்டாரத்து மேடைகள்

விழுப்புரம் மாவட்டம் 1993 இல் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. திண்டிவனத்தை அடுத்த மயிலம் முருகன் கோயிலின் பங்குனி உத்திரம், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் விழாக்கள், ஊர்தோறும் நடைபெறும் ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாக்கள் என இங்கு இரவு நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை.

இது தெருக்கூத்து வேரூன்றிய நிலம். கூத்தின் முகவீணை, தாளம், ஆர்மோனியம், கட்டைக்குரல் ஆகியவையும், அம்மன் கோயில்களின் பம்பை, உடுக்கை ஆகியவையும் மின்சாரம் இல்லாமலே நெடுந்தூரம் கேட்கக் கூடியவை. செவி கூர்மையாக உணரும் இடைநிலை, உயர்நிலை அதிர்வெண்களே இவற்றின் வலிமை. பின்னர் வந்த கூம்பு வடிவ ஒலிபெருக்கியும் இவற்றோடு எளிதாகப் பொருந்தியது. ஊர்மக்கள் குழாய் என்று அழைக்கும் இந்த ஒலிபெருக்கி, சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஊமை. வீச்சு முழுவதையும் குரல் அதிர்வெண்களில் குவிப்பதால்தான் அது அடுத்த ஊர் வரை கேட்கிறது. ஆகவே இவ்வட்டாரத்து ஒலியமைப்பு மரபில் தாழ்ந்த சுருதிக்கு நெடுங்காலம் தேவை எழவில்லை எனலாம். பேஸ் கித்தார் அத்தேவையைப் புதிதாகக் கொண்டுவந்தது.

கம்பியிலிருந்து கலவைப் பலகை வரை

நல்ல ஒலிக்குப் பெரிய மிகைப்பி வேண்டும் என்பது பரவலான எண்ணம். ஆம்பெக் நிறுவனம் 1969 இல் வெளியிட்ட 300 வாட் எஸ்.வி.டி. மிகைப்பியும் எட்டு ஒலிபெருக்கிகள் கொண்ட அதன் பெட்டிகளும் அவ்வெண்ணத்தை வளர்த்தன. இன்றைய கச்சேரியில் கேட்போருக்குச் செல்லும் ஒலியை மைக் செட்டே சுமப்பதால், மேடையிலுள்ள மிகைப்பி முதன்மையாக வாசிப்பவருக்கும் அவர் அருகில் உள்ள தாளக் கலைஞருக்கும் கேட்பதற்கானது. எனவே பணம் குறைவாக உள்ள குழு முதலில் வாங்க வேண்டியது மிகைப்பியை அன்று, டி.ஐ. பெட்டியை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

டி.ஐ. பெட்டி என்பது கித்தாரின் குறிகையைக் கலவைப் பலகைக்கு ஏற்றவாறு மாற்றும் சிறு கருவியாகும். கித்தாரின் காந்த உணரி பல ஆயிரம் முறை சுற்றப்பட்ட மெல்லிய கம்பிச் சுருள். அதன் வெளியீட்டு மின்மறுப்பு அதிகம். எனவே அது ஏறத்தாழ 10 இலட்சம் ஓம் உள்ளீட்டு மின்மறுப்பை எதிர்பார்க்கிறது. கலவைப் பலகையின் ஒலிவாங்கி உள்ளீடோ ஒன்றிரண்டு ஆயிரம் ஓம் மட்டுமே. நேரடியாகச் செருகினால் குறிகை வலுவிழந்து, கம்பியின் மீட்டொலி மழுங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். டி.ஐ. பெட்டி இந்த ஏற்றத்தாழ்வைச் சரி செய்வதுடன், குறிகையைச் சமநிலைக் கம்பியில் அனுப்புகிறது. அக்கம்பியில் ஒன்றுக்கொன்று எதிரான இரு குறிகைகள் செல்கின்றன. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி படிவதால், மறுமுனையில் கழித்துவிட முடிகிறது. சாதாரணக் கித்தார் கம்பியை 6 மீட்டருக்கு மேல் நீட்டாமல் இருப்பது நல்லது. சமநிலைக் கம்பி 50 மீட்டர் சென்றாலும் சிக்கல் இல்லை.

மின்கலம் பொருத்திய கருவிகளில் இன்னொரு கவனம் தேவை. கம்பியைச் செருகி வைத்திருக்கும் வரை 9 வோல்ட் மின்கலம் செலவாகிக்கொண்டே இருக்கும். ஒலிச் சரிபார்ப்பு முடிந்ததும் கம்பியைக் கழற்றி வைக்காவிட்டால், பாதிக் கச்சேரியில் ஒலி கரகரத்து மங்கும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கடலோர ஊர்களில் செருகிகளும் கம்பிகளும் விரைவில் துருப்பிடிப்பதால், வாசித்தபின் துடைத்து வைப்பதும் ஒலியமைப்பின் ஒரு பகுதியே.

இரைச்சலும் மின்சாரமும்

இந்தியாவில் மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஆகும். பேஸ் கித்தாரின் தடித்த கம்பியை மூன்றாம் கட்டத்தில் அழுத்தினால் எழும் சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது, மின்சார இரைச்சல் இக்கருவியின் சுர எல்லைக்கு உள்ளேயே, ஒரு சுரத்துக்கு அருகிலேயே அமர்ந்திருக்கிறது. அச்சுரத்தை வாசிக்கும்போது இரண்டும் மோதி நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் விம்மல் கேட்கும். குரலில் உள்ள இரைச்சலை வடிகட்டலாம். பேஸ் கித்தாரில் 50 ஹெர்ட்ஸை வெட்டினால் இசையும் சேர்ந்து போகும். எனவே இரைச்சலை அது புகும் இடத்திலேயே தடுக்க வேண்டும். சீரியல் விளக்குகள், ஒளி மங்கவைக்கும் கருவிகள் ஆகியவற்றின் இணைப்பிலிருந்து ஒலிக் கருவிகளின் இணைப்பைப் பிரிப்பதும், மேடைக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பதும் முதற்படிகள். இரண்டு வழிகளில் நிலத்தொடர்பு கிடைத்து இரைச்சல் சுழன்றால், டி.ஐ. பெட்டியில் உள்ள நிலத்தொடர்பு விலக்கும் பொத்தானைப் பயன்படுத்தலாம்.

இதற்கு மாறாக, மூன்று முனைச் செருகியின் தடித்த முனையை உடைத்தோ இணைக்காமலோ விட்டு இரைச்சலை நிறுத்துவது உயிருக்கு ஆபத்தான செயல். கித்தாரின் உலோகக் கம்பிகள் மிகைப்பியின் உடலோடு மின்தொடர்பு கொண்டவை. நிலத்தொடர்பு இல்லாத மிகைப்பியில் மின்கசிவு ஏற்பட்டால் கம்பிகளிலும் மின்னழுத்தம் வரும். வாசிப்பவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி ஒலிவாங்கியைத் தொட்டால் மின்சாரம் அவருடைய மார்பின் வழியே பாயும். ஸ்டோன் தி குரோஸ் என்னும் இசைக்குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் நிலத்தொடர்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். மழை ஈரத்தில் நனைந்த திடல், மின்கம்பத்தில் கொக்கி போட்டு எடுத்த இணைப்பு, வெறுங்காலுடன் நிற்கும் கலைஞர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஜெனரேட்டருக்கு மண்ணில் முறையாக நிலத்தொடர்புக் கம்பி பதிப்பதும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியைப் பொருத்துவதும் கட்டாயம். இக்கருவியின் விலை ஒரு நல்ல கித்தார் கம்பித் தொகுதியின் விலையோடு ஒப்பிடத்தக்கதுதான்.

ஒலிபெருக்கிகளின் இடம்

மேடையின் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகத் தாழ்சுருதிப் பெட்டிகளை அடுக்குவது வழக்கம். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் இரண்டிலிருந்தும் வரும் நீண்ட அலைகள் திடலின் நடுக்கோட்டில் கூடியும், பக்கங்களில் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்தும் விடுகின்றன. நடுவில் அமர்ந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நெஞ்சு அதிர, நான்கு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. பெட்டிகளை மேடைக்கு முன் நடுவில் தரையோடு சேர்த்து வைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். அருகருகே வைத்த இரு பெட்டிகள், ஒரு பெட்டியைவிடத் தாழ்ந்த ஒலியில் 6 டெசிபெல் வரை கூடுதலாகத் தரும். திறந்தவெளியில் தொலைவு இரு மடங்காகும்போது ஒலி 6 டெசிபெல் குறைவதால், இது வீணாக்கக் கூடாத ஆதாயம்.

சவுக்குக் கம்புகளின் மேல் பலகை பரப்பிய மேடை உள்ளே வெற்றிடமாக இருப்பதால் தானும் ஒரு முரசு போல் அதிரும். மிகைப்பியை நேரடியாக அதன்மேல் வைக்காமல் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வைப்பது நல்லது. திருமண மண்டபங்களில் நிலைமை நேர்மாறானது. ஓட்டுத் தரையும் வெறுஞ்சுவர்களும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புவதால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்த பெட்டியின் 85 ஹெர்ட்ஸ் ஒலி, சுவரில் பட்டுத் திரும்பும் அலையால் வலுவிழக்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் இப்பள்ளம் பேஸ் எல்லைக்கு மேலே நகரும்.

சமனாக்கம்

பேஸ் கேட்கவில்லை என்றதும் கலவைப் பலகையில் தாழ்சுருதிக் குமிழை முழுதும் திருப்புவது பொதுவான தவறு. சிறிய ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை உண்டாக்க இயலாது; கூட்டிய திறன் அதன் கூம்பை வீணே ஆட்டி, குரலையும் சேர்த்துக் கரகரக்கச் செய்யும். செவிக்கு ஒரு வியப்பான இயல்பு உண்டு. 41 ஹெர்ட்ஸ் இல்லாவிட்டாலும் அதன் மடங்குகளான 82, 123, 165 ஹெர்ட்ஸ் கேட்டால், மூளை அடிப்படைச் சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். எனவே எளிய மைக் செட்டில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 80 முதல் 200 வரை சற்றுக் கூட்டி, 300 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைக் குறைத்து, விரல் படும் ஒலிக்காக 800 ஹெர்ட்ஸை ஒட்டிச் சிறிது ஏற்றினால் பேஸ் கேட்கும். தனியே கேட்கும்போது இவ்வொலி மெலிந்ததாகத் தோன்றலாம். தவில், தபேலா, மின்முரசு ஆகியவற்றுடன் சேர்ந்தே அதனை மதிப்பிட வேண்டும்.

சட்ட வரம்புகள்

2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். வரம்புகள் ஏ-நிறையிட்ட டெசிபெல் அளவில் கூறப்படுகின்றன. அவ்வளவீடு 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 35 டெசிபெல் குறைத்தே கணக்கிடுகிறது. எனவே தாழ்சுருதிப் பெட்டிகள் பக்கத்து வீட்டுச் சன்னல்களை அதிரச் செய்யும்போதும் அளவி குறைந்த எண்ணையே காட்டக்கூடும். ஒலிச் சரிபார்ப்பின்போது குழுவைச் சேர்ந்த ஒருவர் கடைசி வரிசைக்கும், திடலை ஒட்டிய வீடுகளுக்கும் நடந்து சென்று கேட்டு வருவது சிறந்த முறையாகும்.