உழவர் நிறுவனக் கொள்முதலுக்கு ஏற்ற மென்பொருள்: தனித்தனிக் கருவிகளா, ஒருங்கிணைந்த தொகுப்பா?

கடலூர் மாவட்டத்தில் நெல், மணிலா, உளுந்து, முந்திரி, கரும்பு ஆகிய பயிர்களைச் சாகுபடி செய்வோரில் பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகளே. தனியொருவர் 2 மூட்டை யூரியா வாங்கும்போதும், 10 மூட்டை நெல் விற்கும்போதும் விலை பேசும் வலிமை அவருக்கு இருப்பதில்லை. பலர் சேர்ந்து வாங்கினால், பலர் சேர்ந்து விற்றால் அந்த வலிமை வந்துவிடும். இதற்காகவே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தோன்றின. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசின் திட்டம் 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்டது.

இந்நிறுவனங்களின் இயக்குநர்களும் உங்களைப் போன்ற விவசாயிகளே. கொள்முதல் பெருகியதும் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிச் சமாளிக்க முடிவதில்லை. கணிப்பொறி மென்பொருள் தேவைப்படுகிறது. அப்போது, எடை போட ஒன்று, இருப்புக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று எனத் தனித்தனியாக வாங்குவதா, எல்லாம் ஒன்றாக அடங்கிய தொகுப்பை வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. செலவாவது உறுப்பினர்களின் பங்குப் பணம். ஆகவே சற்று ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

நேர் உரமும் காம்ப்ளக்ஸ் உரமும்

இந்த வேறுபாட்டை உரத்தைக் கொண்டு எளிதில் புரிந்துகொள்ளலாம். 17:17:17 காம்ப்ளக்ஸ் உரத்தின் 50 கிலோ மூட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 8.5 கிலோ உள்ளது. ஒரே தடவையில் மூன்றையும் இட்டுவிடலாம், வேலை மிச்சம். ஆனால் மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுதியாக இருந்தால், அதற்குக் கொடுத்த பணம் வீண். யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் எனத் தனித்தனியாக வாங்கினால் தேவைக்கேற்ப இடலாம். ஆனால் கணக்கிடுவதும் கலப்பதும் நம் பொறுப்பு.

மென்பொருளும் அவ்வாறே. தனிக் கருவி தன் வேலையைத் திறம்படச் செய்யும். ஒன்றில் பதிந்ததை மற்றொன்றில் நாம்தான் மீண்டும் பதிய வேண்டும். ஒருங்கிணைந்த தொகுப்பில் ஒருமுறை பதிந்தால் போதும். ஆனால் நமக்குத் தேவையற்ற பகுதிகளுக்கும் விலை கொடுக்க நேரும். எது சிறந்தது என்பதற்குப் பொது விடை இல்லை. முதலில் மண் பரிசோதனை செய்ய வேண்டும்.

கணக்கின் மண் பரிசோதனை

ஒரு பருவம் முழுவதும் உங்கள் நிறுவனத்தில் ஓர் எண் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று குறித்து வாருங்கள். உறுப்பினர் 4 மூட்டை யூரியா வேண்டும் என்கிறார். அது தேவைப் பட்டியலில் ஏறுகிறது. பின்பு ஆர்டரில், இருப்புப் புத்தகத்தில், ரசீதில், அவருடைய கடன் கணக்கில் ஏறுகிறது. ஐந்து முறை எழுதினால் ஐந்து இடத்தில் தவறு நேரலாம்.

தவறு எப்படி நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். யூரியா மூட்டை 2018ஆம் ஆண்டு முதல் 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. ஒரு புத்தகத்தில் மூட்டைக் கணக்கும் மற்றொன்றில் கிலோ கணக்கும் இருந்து, எழுதுபவர் பழைய நினைவில் யூரியாவையும் 50 கிலோ என்று கொண்டால், 100 மூட்டையில் 500 கிலோ இல்லாத உரம் ஏட்டில் ஏறிவிடும். நெல்லிலும் இதே தொல்லை உண்டு. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. நம் பகுதியில் பல ஊர்களில் மூட்டை என்றால் 75 கிலோ.

ஈரப்பதத்தால் குறையும் எடை

நெல்லையும் பயறு வகைகளையும் சேகரிக்கும் நிறுவனங்கள் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும். 20 சதவீத ஈரப்பதத்தில் வாங்கிய 100 குவிண்டால் நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால், நிற்பது சுமார் 93 குவிண்டால்தான். வாங்கும்போது ஈரப்பதத்தைப் பதியாவிட்டால், ஏட்டில் 7 குவிண்டால் காணாமற் போனதாகத் தோன்றும். 2025-26ஆம் பருவத்தில் தமிழகத்தில் சாதாரண ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை, ஊக்கத்தொகை சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதன்படி 17,500 ரூபாய் மதிப்புள்ள நெல் குறைகிறது. களவு எதுவும் நடவாமலே கிடங்குப் பொறுப்பாளர் மீது சந்தேகம் விழும். உறுப்பினர்களிடையே நம்பிக்கை போய்விட்டால் நிறுவனம் நிலைக்காது.

வணிகர்களுக்கென்று பொதுவாகத் தயாரிக்கப்பட்ட பல தொகுப்புகளில் ஈரப்பதத்துக்கு இடமே இருப்பதில்லை. தானியக் கொள்முதலுக்கென்றே அமைந்த தனிக் கருவியில் இருக்கும். மணிலாவுக்குக் காம்ப்ளக்ஸ் உரம் இட்டாலும் ஜிப்சத்தைத் தனியே இட வேண்டியிருப்பது போன்றது இது.

எந்த நிறுவனத்துக்கு எது ஏற்றது?

1. விதை, உரம், மருந்து மட்டும் வாங்கி விற்கும் ஒரே கடை: இருப்பும் சேர்த்துப் பார்க்கும் ஒரு கணக்கு மென்பொருள் போதும். விதைக்குச் சரக்கு, சேவை வரி இல்லை. உரத்துக்கு 5 சதவீதம். இரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 சதவீதம். இவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்துக் காட்ட அது உதவும்.

2. விளைபொருள் மட்டும் சேகரிக்கும் நிறுவனம்: எடை, தரம், ஈரப்பதம், சாக்கு எண்ணிக்கை ஆகியவற்றைப் பதியும் தனிக் கருவியும், கணக்கு மென்பொருளும் ஏற்றவை.

3. உரத்தைக் கடனாகக் கொடுத்து, நெல் பணத்தில் கழித்துக்கொள்ளும் நிறுவனம்: ஒரே உறுப்பினரின் வாங்கிய கணக்கும் விற்ற கணக்கும் இங்கு சந்திக்கின்றன. இரண்டும் வெவ்வேறு கருவிகளில் இருந்தால் பட்டுவாடா நாளில் தகராறு வரும். ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் சேகரிப்பு மையம் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். இத்தகையோருக்கே ஒருங்கிணைந்த தொகுப்பு அவசியம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் நிலையும் மூன்றாவது வகையே. பயிர்க்கடன், உரம், கிடங்கு எனப் பல பணிகள் ஒரே உறுப்பினரைச் சார்ந்துள்ளன. நாடெங்கும் 63,000 சங்கங்களை ஒரே பொதுவான ஒருங்கிணைந்த மென்பொருளில் கொண்டுவரும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையும் இவ்வழியில் அமைந்ததே. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வாயிலில் குவியலுக்குக் கொடுக்கப்படும் எண்ணே தரம், ஏலம், எடை, பணம் எல்லாவற்றுக்கும் தொடர்ந்து வருகிறது.

எதனோடும் இணையாதவை

‘எங்கள் தொகுப்பு இருந்தால் வேறெதுவும் வேண்டாம்’ என்று விற்பவர் சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். மானிய உரம் விற்கும் கடையில் விற்பனை முனையக் கருவியில் ஆதார் வழியாகப் பதிவது, நாடு முழுவதும் 2018 முதல் கட்டாயம். எந்தத் தொகுப்பை வாங்கினாலும் இப்பதிவு தொடரும். இ-நாம், வரி இணையதளம் ஆகியவையும் அப்படியே. இவற்றுக்குத் தேவையான விவரங்களைத் தொகுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியுமா என்பதே நீங்கள் கேட்க வேண்டியது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. தமிழில் ரசீது அச்சாகுமா? உறுப்பினர் படித்துப் பார்க்க முடியாத ரசீதால் பயனில்லை.

2. இணைய இணைப்பும் மின்சாரமும் தடைப்பட்டால் என்ன வழி? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் அருகே கரை கடந்தபின் பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. இணைப்பின்றியும் கைபேசியில் பதிந்து, பின்பு சேர்க்கும் வசதி வேண்டும். இரு பிரதி ரசீதுப் புத்தகமும் கைவசம் இருக்கட்டும்.

3. திருத்தம் செய்தால் யார், எப்போது செய்தார் என்பது பதிவாகுமா? கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் இவ்வசதி 2023 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம். உற்பத்தியாளர் கம்பெனிகளும் இதற்கு உட்பட்டவை.

4. எடை போடுபவருக்கும் பணம் வழங்குபவருக்கும் தனித்தனி அனுமதி உண்டா? இரு பணியும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது.

5. நம் விவரங்கள் முழுவதையும் அட்டவணையாக வெளியே எடுக்க முடியுமா? முடியாவிட்டால், பிடிக்காதபோதும் அந்த மென்பொருளை விட்டு விலக இயலாது.

6. ஆண்டுச் சந்தா எவ்வளவு? பயிற்சிக்கும் பழுதுக்கும் தனிக் கட்டணமா? முதல் விலையை மட்டும் பார்க்காமல் ஐந்தாண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள்.

மாற்ற ஏற்ற காலம்

சிதம்பரம் பகுதியில் சம்பா அறுவடையும் நெல் கொள்முதலும் தை, மாசியில் நெருக்கமாக நடைபெறும். அதையடுத்து நெல் தரிசு உளுந்து வந்துவிடும். இக்காலத்தில் புதிய மென்பொருளுக்கு மாறுவது ஆகாது. உளுந்துக் கொள்முதல் முடிந்தபின், ஏப்ரல் 1ஆம் தேதி இருப்பைத் தொடக்க இருப்பாகக் கொண்டு சித்திரை, வைகாசியில் பதியத் தொடங்கலாம். முதல் பருவத்தில் ஒரே ஊரில் சோதித்துப் பார்த்து, பழைய ஏட்டையும் கூடவே எழுதி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

நெல்லுக்கு அடியுரமாகக் காம்ப்ளக்ஸும் மேலுரமாக யூரியாவும் இடுவது வழக்கம். அதேபோல் உறுப்பினர் கணக்கு, இருப்பு, பணம் ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பில் வைத்து, எடைக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்ற தனிக் கருவியை அதனோடு சேர்த்துக்கொள்வது பல நிறுவனங்களுக்குப் பொருந்தும். எடைத் தராசும் ஈரப்பதமானியும் சரியாக இல்லாவிடில் எந்த மென்பொருளாலும் பயனில்லை. ஆகவே முதல் செலவை அவற்றுக்குச் செய்து, மென்பொருள் பற்றிய முடிவைப் பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் முன்வைத்து எடுப்பது நலம் பயக்கும்.