துறை மாறினால் படித்தது வீணா?

மூன்று ஆண்டுகளாக நான் படித்தது மலாக்கா சுல்தானக வரலாறு. இறுதியாண்டு ஆய்வேடும் அதில்தான். ஆனால், முதுகலைக்கு நான் எழுதிய ஆய்வு முன்மொழிவோ கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது.

“ஏன் மாறுகிறாய்?” என்று கேட்டார் விரிவுரையாளர்.

“நான் தோட்டத்துப் பிள்ளை, சார்.”

“அது காரணமில்லம்மா. அது உன் முகவரி.”

சுருக்கென்றது. அறைக்குத் திரும்பி, இப்படித் துறை மாறியவர்கள் யாரென்று தேடினேன். முதலில் கிடைத்தவர் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம். 1930-இல் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். லண்டனில் முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்தது இலங்கையில் டச்சுக்காரர்களின் ஆதிக்கம். 1958-இல் நூலாக வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வந்தவர், 1970-இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி எழுதினார். பிறகு ஆஸ்திரேலியா போய், 1986-இல் சோழமண்டலக் கடற்கரை வணிகர்களைப் பற்றி ஒரு பெரிய நூல். அதற்கு மீண்டும் கைகொடுத்தவை டச்சுக் கம்பெனி ஆவணங்கள்தாம். இளமையில் கற்ற டச்சு மொழி வீண்போகவில்லை.

சரி, எனக்கு மலாக்கா என்ன தந்தது? சுல்தானின் அவைக்காக எழுதப்பட்ட ‘செஜாரா மெலாயு’வில் துறைமுகத்துச் சாதாரண மக்களைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். துரைமார் எழுதிய அறிக்கைகளில் கொழுந்து பறித்தவர்களைத் தேடவும் அதே கண்தானே வேண்டும்? தமிழ்ப்பள்ளியில் படித்ததால், 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ பழைய இதழ்களையும் என்னால் வாசிக்க முடியும். எல்லா மாற்றமும் இவ்வளவு சுலபமில்லை. சோழர் கல்வெட்டுக்குத் தாவ நினைக்கும் என் தோழி முதலில் பழைய எழுத்துகளை வாசிக்கப் பழக வேண்டும். ஆர்வம் மட்டும் அங்கே போதாது.

ஆனாலும் என்னிடம் கேள்வி என்று ஒன்று இன்னும் இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோதுதான் அது கிடைத்தது. போ தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929-இல். மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் கூலியாட்கள் செல்வதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடுத்துவிட்டது. அப்படியானால், அதன் பிறகு இந்த மலைக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பாட்டியிடம் கேட்டேன். “எங்கப்பா பேராக்குல பால் மரம் வெட்டுனவரு. குளிருக்குக் கம்பளி குடுப்பாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க” என்றார்.

கீழ்நாட்டு ரப்பர் தோட்டங்களிலிருந்து மலையேறிய குடும்பங்கள் எத்தனை? ஏன் ஏறின? முன்மொழிவின் முதல் பத்தியை அழித்துவிட்டு, இந்தக் கேள்வியோடு மறுபடி எழுதினேன். மலாக்காவை மறைக்கவில்லை, அதில் கற்றதை இரண்டாம் பத்தியில் சொன்னேன்.

விரிவுரையாளர் படித்துப் பார்த்தார். பரிந்துரைக் கடிதம் எழுதச் சம்மதித்தார். கூடவே, “பாட்டி சொன்னதை ஒலிப்பதிவு செய்தாயா?” என்று கேட்டார்.

செய்யவில்லை. இந்த வாரக் கடைசியில் தானா ராத்தாவுக்குப் பேருந்து ஏறுகிறேன்.