முரட்டு இசையும் முன்னோர் பாட்டும்

பழையதைப் பழித்தலே புதுமை என்றெண்ணும் வாலிபர் எக்காலத்திலும் உளர். 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றிய ‘பங்க் றொக்’ இசை அத்தகையோரின் கோபத்திலே பிறந்ததாகும். உரத்த குரல், அதிவேகத் தாளம், காதைத் துளைக்கும் மின்கித்தார் ஆகியவையே அதன் மூலதனம்.

கலிபோர்ணியா மாநிலத்துப் புல்லேர்ட்டன் நகரிலே 1978இல் உருவான ‘சோஷல் டிஸ்டோர்ஷன்’ குழுவும் இந்நெறியே சென்றது. அதன் தலைவரான மைக் நெஸ் என்னும் பாடகர் ஹெரோயின் என்னும் கொடிய போதைக்கு அடிமையானார், சிறைவாசமும் அனுபவித்தார். 1983இல் முதல் இசைத்தட்டு வெளிவந்ததன் பின், குழுவும் சில காலம் செயலற்றுக் கிடந்தது. ஆயினும் அவர் போதையைத் துறந்து மீண்டார். 1988இல் இரண்டாவது இசைத்தட்டும், 1990இல் குழுவின் பெயரையே தாங்கிய மூன்றாவது இசைத்தட்டும் வெளிவந்தன.

இம்மூன்றாவது தட்டிலே நாம் கேட்பது வெறுங் கூச்சலன்று. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ‘கண்ட்ரி’ இசை அதிலே கலந்திருக்கின்றது. உழைப்பாளியின் களைப்பையும் கைதியின் ஏக்கத்தையும் எளிய சொற்களிற் கூறுவது அவ்விசை. அதனோடு கறுப்பின மக்களின் புளூஸ் இசை இணைந்தபோது, 1950ஆம் ஆண்டுகளிலே ‘றொக்கபிலி’ பிறந்தது. மெம்பிஸ் நகரத்து ‘சன்’ ஒலிப்பதிவு நிலையத்திலே 1954இல் பாடத் தொடங்கிய எல்விஸ் பிரெஸ்லியும், கார்ல் பெர்க்கின்ஸும், ஜொனி காஷும் அதனை உலகறியச் செய்தனர்.

ஜொனி காஷ் 1963இல் பாடிப் புகழ்பெற்ற ‘றிங் ஒப் பயர்’ என்னும் பாடல் இத்தட்டிலே இடம்பெறுகின்றது. ஜூன் காட்டரும் மேர்ல் கில்கோரும் இயற்றிய பாடல் அது. காஷ் பாடியபோது ஒலித்த எக்காளங்களின் இடத்திலே இங்கே மின்கித்தார்கள் முழங்குகின்றன, வேகமும் மிகுகின்றது. மெட்டோ சிதையவில்லை. காஷும் போதை மாத்திரைகளோடு போராடியவரே. 1968இல் போல்சம் சிறைக்கூடத்திலே கைதிகள் முன்னிலையிற் பாடியவர். இருவர் வாழ்வையும் அறிந்தோர்க்கு இத்தேர்வு வியப்பளிக்காது.

‘போல் அண்ட் செயின்’ என்னும் மற்றொரு பாடல், வாழ்ந்து களைத்த ஒருவன் தன் விலங்கை அகற்றுமாறு இறைஞ்சும் விண்ணப்பமாகும். ‘ஸ்டோரி ஒப் மை லைப்’ என்பதிலே, பள்ளிப் பருவத்துக் காதலும் கழிந்துபோன இளமையும் நினைவுகூரப்படுகின்றன. கோபத்தை மட்டும் அறிந்த இளைஞன் இவற்றைப் பாடியிருத்தல் அரிது.

கிளர்ச்சி செய்தல் இளமைக்கு இயல்பு. அக்கிளர்ச்சியின் வேகத்தை இழக்காமலே முன்னோர் பாட்டிலே தன் துயருக்கு மொழி தேடிக்கொண்டதுதான் இவ்விசைத்தட்டின் பெருமை. பழைய பாட்டை ஒதுக்கும் இளைஞரும், புதிய பாட்டை வெறுக்கும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து ஒருமுறை கேட்கத் தக்கது இது என்போம்.