கொம்பூதியவர் கோல் ஏந்திய வரலாறு

மேலைநாட்டுப் பெரிய வாத்தியக் குழுவில் எண்பது, தொண்ணூறு பேர் அமர்ந்து வாசிப்பர். ஒருவர் மட்டும் யாதொரு ஒலியும் எழுப்பாமல், சிறு கோலுடன் எதிரே நிற்பார். ஆங்கிலத்தில் அவருக்குக் ‘கண்டக்டர்’ என்று பெயர். ‘நடத்துநர்’ என்று தமிழாக்கினால் பேருந்து நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே ‘இசை நெறியாளர்’ என்று வைத்துக்கொள்வோம். பியானோவோ வயலினோ பயின்றவர்களே இப்பதவிக்கு வருவது பெருவழக்கு. பின்வரிசையில் பித்தளைக் கருவி ஊதிய ஒருவர் அவ்விடத்திற்கு வந்த வரலாற்றை இங்கே கூறுகிறோம்.

பாரி டக்வெல் 1931-இல் ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் நகரில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் அவர் கைக்கு வந்த கருவி ‘ஹார்ன்’. அதன் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 12 அடி நீளக் குழல். நம் கோயில்களில் ஊதும் கொம்பைப் போல இதிலும் நாதத்தைப் பிறப்பிப்பது உதடுகளின் அதிர்வே. மேல் ஸ்தாயியில் இயற்கை ஸ்வரங்கள் நெருங்கி நிற்பதால், உதட்டின் இறுக்கம் இம்மி பிசகினாலும் பக்கத்து ஸ்வரம் ஒலித்துவிடும். வயலின்காரர் ஒருவர் தவறினால் உடன் வாசிப்போர் மறைத்துவிடுவர். ஹார்ன் தவறினால் மண்டபம் முழுவதும் கேட்கும்!

இளமையிலேயே சிட்னி வாத்தியக் குழுவில் இடம் பெற்ற டக்வெல், இருபது வயதை ஒட்டி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சில குழுக்களில் பணியாற்றியபின், 1955-இல் லண்டன் சிம்பனி குழுவின் முதல் ஹார்ன்காரரானார். 1904-இல் வாத்தியக்காரர்களே கூடி நிறுவிய அக்குழுவில் இன்றும் நிர்வாகம் அவர்கள் கையிலேயே உள்ளது. அதன் நிர்வாக சபைக்கு டக்வெல் ஆறு ஆண்டுகள் தலைவராக இருந்தார். சபையில் நெறியாளர்களை அமர்த்தும் தலைவர். மேடையில் அவர்களுடைய கோலுக்கு அடங்கிய வாத்தியக்காரர். நெறியாளர் தொழிலுக்கு இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1968-இல், முப்பத்தேழாம் வயதில், அந்நிலையான உத்தியோகத்தை அவர் உதறினார். ஹார்னைத் தனிக் கச்சேரியாக வாசித்து ஒருவர் குடும்பம் நடத்தலாம் என்பதை நம்புவோர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவரோ உலகெங்கும் சென்று வாசித்தார். தீயா மஸ்கிரேவ் போன்றோர் அவருக்கென்றே புதிய உருப்படிகள் இயற்றினர். 1963 முதல் 1974 வரை லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் ஹார்ன் போதித்ததோடு, கருவியைக் கையாளும் முறை பற்றி நூலும் எழுதினார்.

1980 முதல் 1983 வரை டாஸ்மேனியா சிம்பனி குழுவுக்குத் தலைமை நெறியாளர். இதனிடையே 1982-இல், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்னும் சிறு நகரில் புதிதாக ஒரு சிம்பனி குழுவை நிறுவி, 1998 வரை நடத்தினார். பெருநகரக் குழுவொன்றின் பெருமையைக் காட்டிலும் இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஊதுபவர் எவ்விடத்தில் மூச்சு வாங்குவார், எந்த ஸ்வரத்திற்கு முன் நெஞ்சு படபடக்கும் என்பதையெல்லாம் தம் உதட்டால் அறிந்தவர் அல்லவா!

1997-இல் ஹார்ன் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பி, 2020 ஜனவரியில், 88-ஆம் வயதில், பிறந்த ஊராகிய மெல்போர்னில் காலமானார்.