2017 பிரித்தானியப் பொதுத் தேர்தலும் கட்சித் தலைவர்கள் மீதான மக்கள் எதிர்வினையும்

2017 ஜூன் 8 அன்று ஐக்கிய இராச்சியத்தில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் பிரதமர் தெரசா மே தலைமையிலான கன்சர்வேட்டிவ் கட்சி (பழமைவாதக் கட்சி) அதிக இடங்களையும் அதிக வாக்குகளையும் பெற்றது. ஜெரமி கோர்பின் தலைமையிலான தொழிற்கட்சி இரண்டாம் இடத்தில் நின்றது. ஆனால் அடுத்து வந்த வாரங்களில் பொதுமக்களும் ஊடகங்களும் மேயைத் தோற்றவராகவும் கோர்பினை வென்றவராகவும் நடத்தினர். முதலிடம் பெற்ற தலைவர் தம் கட்சியினரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டாமிடம் பெற்றவரின் பெயரை இளைஞர்கள் பாட்டாகப் பாடினர். பிரித்தானிய அரசியலில் வாக்கு எண்ணிக்கையும் மக்களின் தீர்ப்பும் ஒன்றல்ல என்பதற்கு இந்தத் தேர்தல் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

எதிர்பார்ப்பின் உயரம்

தெரசா மே 2016 ஜூலை 13 அன்று பிரதமரானவர். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கான பொதுவாக்கெடுப்பில் தோற்ற டேவிட் கேமரன் பதவி விலகியதால் வந்த வாய்ப்பு அது. முன்கூட்டியே தேர்தல் நடத்தப்போவதில்லை என்று பலமுறை கூறிவந்த அவர், 2017 ஏப்ரல் 18 அன்று திடீரெனத் தேர்தலை அறிவித்தார். அப்போது நடைமுறையில் இருந்த 2011ஆம் ஆண்டின் நிலையான பதவிக்காலச் சட்டத்தின்படி இதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. மறுநாளே 522 உறுப்பினர்கள் ஆதரவாகவும் 13 பேர் எதிராகவும் வாக்களித்தனர்.

துணிச்சலான முடிவு போலத் தோன்றினாலும் கணக்கு எளிமையானதுதான். அந்நாளைய கருத்துக்கணிப்புகளில் கன்சர்வேட்டிவ் கட்சி தொழிற்கட்சியைவிட ஏறத்தாழ 20 புள்ளிகள் முன்னே இருந்தது. கோர்பினின் நிலை பரிதாபமாக இருந்தது. அவர்மீது நம்பிக்கையில்லை என்று 2016 ஜூனில் அவருடைய சொந்தக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களே 172க்கு 40 என்ற கணக்கில் வாக்களித்திருந்தனர். கட்சித் தொண்டர்களின் ஆதரவால்தான் அவர் பதவியில் நீடித்தார். யூகவ் நிறுவனம் ஏப்ரலில் எடுத்த கணிப்பில், கோர்பினை விரும்புவோரின் விழுக்காட்டிலிருந்து விரும்பாதோரின் விழுக்காட்டைக் கழித்தால் கிடைத்த எண் கழித்தல் 42. மேவுக்கு அது கூட்டல் 10.

இப்படிப்பட்ட தொடக்கப் புள்ளியிலிருந்துதான் இரு தலைவர்களையும் மக்கள் அளந்தனர் என்பதை மறந்துவிட்டால், பின்னர் நடந்தவை புரியாது.

பரப்புரையில் நேர்ந்தவை

மேயின் பரப்புரை முழுவதும் அவர் ஒருவரை மையமாக வைத்தே அமைந்தது. "வலிமையான, நிலையான" தலைமை என்ற சொற்றொடரை அவர் மேடைதோறும் சொன்னார். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாலேயே அது கேலிப்பொருளானது. கார்டியன் நாளிதழின் ஜான் கிரேஸ் என்னும் பத்தியாளர் முன்பே சூட்டியிருந்த 'மேபாட்' என்ற பட்டப்பெயர், அதாவது இயந்திர மனிதரைப் போலப் பேசுபவர் என்பது, இப்போது பரவலாயிற்று.

உண்மையான அடி மே 18 அன்று வெளியான தேர்தல் அறிக்கையில் இருந்தது. வீட்டிலேயே பராமரிப்புப் பெறும் முதியோரின் செலவைக் கணக்கிடும்போது அவர்களுடைய வீட்டின் மதிப்பும் இனிச் சேர்க்கப்படும் என்று அது கூறியது. எவ்வளவு செலவானாலும் ஒரு லட்சம் பவுண்டு சொத்து மிஞ்சும் என்ற உறுதிமொழியும் உடன் இருந்தது. ஆனால் மக்கள் காதில் விழுந்தது முதல் பாதிதான். மறதிநோய் வந்த பெற்றோரின் வீடு கையைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் பரவியது. எதிர்த்தரப்பு இதற்கு 'மறதிநோய் வரி' என்று பெயரிட்டது. நான்கே நாளில், மே 22 அன்று, செலவுக்கு உச்சவரம்பு வைக்கப்படும் என்று பிரதமர் பின்வாங்கினார். பின்வாங்கியதோடு நில்லாமல், "எதுவும் மாறவில்லை" என்றும் செய்தியாளர்களிடம் வாதிட்டார். வலிமையும் நிலைத்தன்மையும் தம் தகுதிகள் என்று சொன்ன ஒருவருக்கு இதைவிடப் பெரிய கெடுதலை எதிரிகளாலும் செய்திருக்க முடியாது. மே 31 அன்று கேம்பிரிட்ஜில் நடந்த பிபிசி தொலைக்காட்சி விவாதத்துக்கு அவர் போகவில்லை; உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் சென்றார்.

கோர்பின் இதற்கு நேர்மாறாகக் கூட்டங்களில் செழித்தார். பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தை ஒழிப்போம் என்ற அவருடைய வாக்குறுதி இளைஞரிடையே பெரும் ஈர்ப்பைப் பெற்றது. மே 20 அன்று பிர்க்கன்ஹெட் நகரின் கால்பந்துத் திடலில் நடந்த இசை நிகழ்ச்சியில் அவர் தோன்றியபோது, 'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' குழுவின் புகழ்பெற்ற மெட்டில் கூட்டம் அவர் பெயரைப் பாடத் தொடங்கியது. கால்பந்து ரசிகர்கள் ஆட்டக்காரர்களுக்குப் பாடும் மெட்டு அது. 67 வயது அரசியல்வாதி ஒருவருக்கு அது கிடைத்தது வியப்புத்தான்.

மே 22 இரவு மான்செஸ்டர் அரங்கில் 22 பேரும், ஜூன் 3 அன்று லண்டன் பாலத் தாக்குதலில் 8 பேரும் கொல்லப்பட்டனர். பரப்புரை இருமுறை நின்று மீண்டும் தொடங்கியது.

முடிவும் அதன் முரண்பாடும்

வாக்குப்பதிவு முடிந்த இரவு பத்து மணிக்கு வெளியான கணிப்பு கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 314 இடங்களே கிடைக்கும் என்றது. அதைக் கேட்டபோது சிறிது கண்ணீர் விட்டதாக மே பின்னர் ஜூலையில் வானொலிப் பேட்டியொன்றில் ஒப்புக்கொண்டார். இறுதியில், அவைத்தலைவரைச் சேர்க்காமல், அக்கட்சிக்கு 317 இடங்கள் கிடைத்தன, தொழிற்கட்சிக்கு 262. மொத்தம் 650 இடங்கள் கொண்ட அவையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாத தொங்கு நாடாளுமன்றம் அமைந்தது.

வாக்கு விழுக்காட்டைப் பார்த்தால் கதை வேறு. மேயின் கட்சி பெற்றது ஏறத்தாழ 42 விழுக்காடு. 1983இல் மார்கரெட் தாட்சர் பெருவெற்றி பெற்றபோது கிடைத்த அளவுக்கு இணையானது. 2015இல் கேமரன் 37 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளைக் கொண்டே தனிப்பெரும்பான்மை பெற்று, வெற்றிவீரராகக் கொண்டாடப்பட்டார். ஐந்து புள்ளி கூடுதலாகப் பெற்ற மே அவமானப்பட்டார். காரணம், தொழிற்கட்சியும் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு உயர்ந்துவிட்டது. 1945க்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் அக்கட்சியின் பங்கு ஒரே தாவலில் இவ்வளவு கூடியதில்லை. தொகுதிவாரியாக அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் முறையில், ஒரு கட்சி எத்தனை வாக்கு வாங்கியது என்பதைவிட எதிராளி எவ்வளவு பின்தங்கினார் என்பதே இடங்களைத் தீர்மானிக்கிறது.

மேமீதான எதிர்வினை

ஜூன் 9 காலை மே அரண்மனைக்குச் சென்று திரும்பி, டவுனிங் தெரு 10ஆம் எண் இல்லத்தின் முன் பேசினார். எதுவுமே நடக்காதது போல் அந்தப் பேச்சு இருந்தது. இடங்களை இழந்த தம் கட்சியினரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்சிக்குள்ளேயே சினம் எழ, அன்றே அளித்த தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் வருத்தம் தெரிவித்தார். மறுநாள் அவருடைய நெருங்கிய ஆலோசகர்களான நிக் திமோத்தி, பியோனா ஹில் இருவரும் விலகினர். ஜூன் 11 அன்று, அவரால் அமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு நாளிதழ் ஆசிரியராகியிருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன், மேயை நடமாடும் பிணம் என்ற பொருளில் வர்ணித்தார்.

பெரும்பான்மைக்காக வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியின் 10 உறுப்பினர்களை அவர் நாடியதும் எதிர்ப்பைக் கிளப்பியது. கருக்கலைப்பு, ஒருபாலினத் திருமணம் ஆகியவற்றில் அக்கட்சியின் கடும் நிலைப்பாட்டைக் கண்டித்து வெஸ்ட்மின்ஸ்டரில் போராட்டம் நடந்தது. ஜூன் 26 அன்று கையெழுத்தான உடன்பாட்டில் வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அரசு மருத்துவமனைச் செவிலியருக்கு ஊதிய உயர்வு தரப் பணமில்லை என்று பரப்புரையில் சொன்ன அரசு இப்போது எங்கிருந்து எடுத்தது என்ற கேள்வி பல இடங்களில் எழுந்தது.

ஆனால் மக்கள் மனத்தில் அவருடைய படிமத்தை மாற்றியது நாடாளுமன்றக் கணக்கு அன்று. ஜூன் 14 அதிகாலை மேற்கு லண்டனின் வடக்கு கென்சிங்டனில் 24 மாடிகள் கொண்ட கிரென்பெல் கோபுரம் தீப்பற்றி எரிந்தது. 72 பேர் இறந்தனர். மறுநாள் அங்கே சென்ற பிரதமர் தீயணைப்புப் படையினரையும் மீட்புப் பணியாளரையும் சந்தித்தார். வீடிழந்தவர்களைச் சந்திக்காமல் திரும்பினார். அதே நாளில் வந்த கோர்பின், உறவினரைத் தேடிக்கொண்டிருந்தவர்களை அணைத்து ஆறுதல் கூறினார். இரண்டு படங்களும் அடுத்தடுத்து வெளியாயின. ஜூன் 16 அன்று அரசி எலிசபெத் நேரில் சென்று மக்களைச் சந்தித்தார். அன்று மாலை மே அருகிலிருந்த தேவாலயத்தில் பாதிக்கப்பட்டோரைப் பார்த்துவிட்டு வெளியேறியபோது, கூடியிருந்தவர்கள் அவரைக் கோழை என்று கூவினர். முதல் மணிநேரங்களில் களத்தில் கிடைத்த உதவி போதவில்லை என்று ஜூன் 21 அன்று நாடாளுமன்றத்தில் மே மன்னிப்புக் கேட்டார். குடியிருப்பாளரைச் சந்திக்காததற்காக எப்போதும் வருந்துவேன் என்று ஓராண்டுக்குப் பின் எழுதினார்.

இதைப் பாதுகாப்புக் காரணம் என்று சிலர் விளக்கினர். அரசியே நடந்து சென்ற தெருவில் அந்த விளக்கம் எடுபடவில்லை. பரப்புரையின்போது பொதுமக்களைத் தவிர்க்கிறார் என்று கேலி பேசப்பட்ட ஒருவர், துயரத்தின் நடுவிலும் அதையே செய்தார் என்ற எண்ணம்தான் நின்றது.

ஜூன் நடுவில் யூகவ் எடுத்த கணிப்பில் மேயை 29 விழுக்காட்டினர் விரும்பினர். 63 விழுக்காட்டினர் விரும்பவில்லை. கோர்பினை விரும்புவோரும் விரும்பாதோரும் சமமாக 46 விழுக்காடு. இரண்டு மாதத்திற்குள் இருவரும் இடம் மாறியிருந்தனர்.

கோர்பினும் இளைஞரும்

ஜூன் 24 அன்று கிளாஸ்டன்பரி இசைவிழாவின் முதன்மை மேடையில், விழா நிறுவனர் மைக்கேல் ஈவிஸ் அறிமுகப்படுத்த, கோர்பின் உரையாற்றினார். திரண்டிருந்த பெருங்கூட்டம் அவர் பெயரை அதே மெட்டில் பாடியது. யூகவின் தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வின்படி 18–19 வயதினரில் 66 விழுக்காட்டினர் தொழிற்கட்சிக்கும், 70 வயதைத் தாண்டியோரில் 69 விழுக்காட்டினர் கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் வாக்களித்திருந்தனர். 47 வயதுதான் இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடாக இருந்தது. வர்க்கத்தைவிட வயதே வாக்கைக் காட்டிய தேர்தல் இது.

'இளைஞர் அதிர்வு' என்று பொருள்படும் சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதியினர் அவ்வாண்டின் சொல்லாக அறிவித்தனர். எனினும் பிரித்தானியத் தேர்தல் ஆய்வுக் குழுவினர் 2018 தொடக்கத்தில் வெளியிட்ட முடிவு இந்த உற்சாகத்தைக் குறைத்தது. மிக இளையோரின் வாக்குப்பதிவு பெரிதாக உயர்ந்ததற்குச் சான்றில்லை என்றனர் அவர்கள். வாக்களித்த இளையோர் தொழிற்கட்சிப் பக்கம் சாய்ந்தனர் என்பது வேறு, இளையோர் அலையலையாக வந்து வாக்களித்தனர் என்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கோர்பின் ஆதரவாளர்கள் பலர் கவனிக்கவில்லை. 55 இடம் பின்தங்கிய தேர்தலை அவர்கள் வெற்றி என்றே நினைவில் வைத்துக்கொண்டனர்.

ஏனைய தலைவர்கள்

லிபரல் டெமக்ராட் கட்சி 12 இடங்களைப் பெற்றது. அதன் முன்னாள் தலைவர் நிக் கிளெக், ஷெஃபீல்டு ஹாலம் தொகுதியில் தோற்றார். தலைவர் டிம் பாரன் தம் தொகுதியை 777 வாக்குகளில் காப்பாற்றிக்கொண்டாலும், கிறித்தவ நம்பிக்கையையும் தலைமைப் பொறுப்பையும் ஒருங்கே காப்பது இயலவில்லை என்று கூறி ஜூன் 14 அன்று விலகல் அறிவித்தார். பரப்புரை முழுக்க அவரைத் துரத்திய கேள்வி ஒருபாலுறவு பாவமா என்பதே. கிரென்பெல் தீ நடந்த அதே நாளில் வந்ததால் அந்த அறிவிப்பு அதிகம் பேசப்படவில்லை. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 56 இடங்களிலிருந்து 35க்கு இறங்க, நிக்கோலா ஸ்டர்ஜன் இரண்டாவது விடுதலை வாக்கெடுப்புத் திட்டத்தைத் தள்ளிவைத்தார். யூகிப் கட்சியின் பால் நட்டால் மறுநாளே பதவி விலகினார்.

பின்னாளில்

அக்டோபர் 4 அன்று மான்செஸ்டரில் நடந்த கட்சி மாநாட்டில் மே பேசிக்கொண்டிருந்தபோது இடைவிடாத இருமல் அவரை வாட்டியது; ஒரு நகைச்சுவையாளர் மேடையருகே வந்து வேலைநீக்கப் படிவத்தை நீட்டினார்; பின்திரையின் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சிரித்தவர்களோடு இரங்கியவர்களும் இருந்தனர். அவர் 2019 ஜூலை 24 வரை பதவியில் நீடித்தார்.

கோர்பின்மீதான அன்பும் நிலைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றிய விலகலில் அவருடைய தெளிவற்ற நிலைப்பாடும், கட்சிக்குள் யூத எதிர்ப்பு பற்றிய புகார்களைக் கையாண்ட விதமும் அவரைத் தேய்த்தன. 2019 செப்டம்பரில் இப்சோஸ் மோரி கணிப்பில் அவருடைய நிகர மதிப்பு கழித்தல் 60 ஆனது. 1977இல் தொடங்கிய அந்தக் கணிப்பு வரிசையில் எந்த எதிர்க்கட்சித் தலைவரும் அவ்வளவு கீழே போனதில்லை. டிசம்பர் 12 அன்று நடந்த தேர்தலில் தொழிற்கட்சிக்கு 202 இடங்களே கிடைத்தன. 1935க்குப் பிறகு மிகக் குறைவு. 2017இல் வெறும் 20 வாக்குகளில் அக்கட்சி கைப்பற்றிய தொகுதிகளுள் ஒன்று, கிரென்பெல் கோபுரம் நின்ற கென்சிங்டன். 2019இல் அது 150 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் கன்சர்வேட்டிவ் கட்சியிடம் சென்றது.